30 செ.மீ. வாட்டர் டனல்: பம்ப்பைவிடப் பைப் முக்கியம், பைப்பைவிட வலை

கேள்வி இது: ஒரு பொறியியல் கல்லூரி மாணவர் குழு, 20 செ.மீ. நீளமுள்ள டெல்டா (முக்கோண) இறக்கை மாடலையும் ஒரு சின்ன நீர்மூழ்கி மாடலையும் ஓடும் தண்ணீரில் வைத்துச் சோதிக்க ஒரு வாட்டர் டனல், அதாவது தண்ணீரைச் சுற்றிச் சுற்றி ஓடவிடும் தொட்டி, கட்ட விரும்புகிறது. சோதனைப் பகுதி 30 × 30 செ.மீ., மேலே திறந்தது. வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர் வரை வேண்டும். கையில் 1 எச்பி மோனோபிளாக் பம்ப் இருக்கிறது. அது போதுமா? மற்ற பாகங்களை எப்படி வடிவமைப்பது?

1 எச்பி போதும். ஆனால் அந்த 1 எச்பி பம்ப் உதவாது.

30 × 30 செ.மீ. பரப்பில் தண்ணீர் 0.5 மீ./வினாடி ஓடவேண்டுமென்றால் வினாடிக்கு 45 லிட்டர் தேவை. வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோனோபிளாக் 20 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும். தருவதோ வினாடிக்கு ஒன்றிரண்டு லிட்டர். 2 லிட்டரை உங்கள் சோதனைப் பகுதியில் விட்டால் வேகம் வினாடிக்கு 2.2 செ.மீ.தான். வாட்டர் டனலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரான குணம்: ஏராளமான தண்ணீர், அரை மீட்டருக்கும் குறைவான ஹெட் (தண்ணீரைத் தள்ளவேண்டிய உயரம்). குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும் வயல்களிலிருந்து தண்ணீரை இறைக்கும் ‘பெட்டியும் பறையும்’ இதே வேலையைச் செய்கிறது. ஒரு குழாய்க்குள் சுழலும் விசிறி, அவ்வளவுதான். உங்களுக்கும் அந்த வகை, அதாவது அச்சோட்டப் பம்ப்தான் தேவை.

பம்ப்புக்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இந்த டனலில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்?

30 டிகிரி தண்ணீரில் 20 செ.மீ. மாடல் 0.3 மீ./வினாடி ஓட்டத்தில் இருந்தால் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுத்தன்மையால் வகுத்தது; இது ஒன்றாக இருந்தால்தான் மாடலின் ஓட்டமும் நிஜ ஓட்டமும் ஒத்துப்போகும்) 75,000. அதே தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் 60,000தான். பத்து டிகிரி சூடேறினால் தண்ணீரின் பாகுத்தன்மை 20 சதவீதம் குறைந்துவிடுகிறது. ஆகவே காலையில் எடுத்த அளவையும் மதியம் எடுத்த அளவையும் ஒப்பிடும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள். 2 மீட்டர் நீளமுள்ள நிஜ நீர்மூழ்கி 1.5 மீ./வினாடி போனால் அதன் எண் 37 லட்சத்தைத் தாண்டும். அதை 20 செ.மீ. மாடலில் எட்ட வினாடிக்கு 15 மீட்டர் ஓட்டம் வேண்டும். கல்லூரி லேபில் அது நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

டெல்டா இறக்கைக்கு இது பெரிய தடை அல்ல. முன்விளிம்பு கூர்மையாக இருந்தால் ஓட்டம் இறக்கைப் பரப்பை விட்டு எங்கே பிரியும் என்பதை விளிம்பே தீர்மானித்துவிடுகிறது, ரெனால்ட்ஸ் எண் அல்ல. பிரான்ஸில் ஓனேரா என்ற விமான ஆய்வு நிறுவனத்தின் ஷாத்தியோன் கூடத்தில் ஆன்ரி வெர்லே 22 செ.மீ. சதுர டனலில் சாயம் விட்டு எடுத்த டெல்டா இறக்கைச் சுழல் படங்கள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருப்பதற்கு இதுதான் காரணம். எஃப்-18 விமானத்தின் சுழல் எந்த இடத்தில் சிதறுகிறது என்பதில் வாட்டர் டனல் முடிவுகளும் பறக்கும்போது எடுத்த முடிவுகளும் நன்றாகவே ஒத்துப்போயின. உருண்டையான நீர்மூழ்கி மாடல் அப்படி இல்லை. அதன் மேல் எல்லைப்படலம் (பரப்பை ஒட்டி மெதுவாக ஓடும் மெல்லிய அடுக்கு) கடைசிவரை கலங்காத அடுக்கோட்டமாகவே போய், நிஜத்தில் பிரியாத இடத்தில் பிரிந்துவிடும். மூக்கிலிருந்து 5 முதல் 10 சதவீத நீளத்தில் ஒரு மெல்லிய கம்பி வளையமோ மணல் பட்டையோ ஒட்டி ஓட்டத்தைக் கலக்கிவிட்டால் ஓரளவு சரியாகும். இழுவிசை எண்ணை மட்டும் நிஜ அளவுக்கு நேரடியாகக் கொண்டுபோகாதீர்கள்.

சாயம் விட்டுப் பார்ப்பதுதான் முதல் நோக்கம் என்றால் 5 முதல் 20 செ.மீ./வினாடி வேகமே சிறந்தது. அதற்கு மேலே சாயக்கோடு சீக்கிரம் கலங்கிவிடும். 0.5 மீட்டர் என்பது விசை அளப்பதற்கு மட்டும். ஆகவே வேகத்தை இன்னும் கூட்டலாமா என்று யோசிப்பதைவிட, குறைந்த வேகத்தில் ஓட்டம் சுத்தமாக இருக்கப் பணத்தைச் செலவிடுங்கள்.

இப்போது திரும்பும் பைப். தண்ணீரின் சுற்று இது: ஓட்டத்தை அடக்கி நேராக்கும் அமைதி அறை, குறுகிக்கொண்டே வரும் குறுக்கம், சோதனைப் பகுதி, பின்தொட்டி, அங்கிருந்து பம்ப்பும் பைப்பும் வழியாக மீண்டும் அமைதி அறை. சோதனைப் பகுதியில் 0.5 மீ./வினாடி ஓட்டத்தின் வேக ஹெட் வெறும் 1.3 செ.மீ. (வேகத்தின் வர்க்கத்தை 19.6ஆல் வகுத்தால் மீட்டரில் வரும்). பின்தொட்டியில் அது முழுவதும் வீணாகிப் போனாலும் நஷ்டம் 1.3 செ.மீ.தான். எனவே சோதனைப் பகுதிக்குப் பின்னால் படிப்படியாக விரியும் டிஃப்யூசர் கட்டுவது இந்த அளவில் வீண் வேலை. ஹெட்டை உண்மையில் தின்பது பைப். நுழைவு, வெளியேற்றம், நாலு எல்போ, உராய்வு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3.5 மடங்கு வேக ஹெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 லிட்டருக்கு 110 மி.மீ. பைப்பில் வேகம் 4.7 மீட்டர், இழப்பு 4 மீட்டர் ஹெட். 160 மி.மீ. பைப்பில் இழப்பு 0.9 மீட்டர். 200 மி.மீ. பைப்பில் 0.37 மீட்டர். 250 மி.மீ. பைப்பில் வேகம் 0.92 மீட்டர், இழப்பு 15 செ.மீ. மட்டும். விட்டத்தின் நான்காம் அடுக்கில் இழப்பு குறைகிறது. இதெல்லாம் உள்விட்டக் கணக்கு. பிவிசி பைப்பில் எழுதியிருப்பது வெளிவிட்டம் என்பதால் சுவர்த் தடிமனைக் கழித்துப் பாருங்கள். 250 மி.மீ. பைப் வாங்குங்கள். பைப்பில் மிச்சம் பிடித்தால் அதை மோட்டாரில் கட்டுவீர்கள். கூடவே வேகமாகப் பாயும் ஒரு தாரை அமைதி அறைக்குள் வந்து இன்னொரு தலைவலியாகும்.

பைப் 15, அமைதி அறைக்குள் இருக்கும் அதன் துளைபோட்ட முனை 5, வலைகளும் மற்றவையும் 3 முதல் 5 செ.மீ. என்று மொத்த ஹெட் 25 செ.மீ. சுற்றி வரும். 30 என்று வைத்தால் தண்ணீருக்குக் கொடுக்கவேண்டிய சக்தி 132 வாட். கையால் செய்த விசிறியின் திறன் 40 சதவீதம் என்றால் 330 வாட். அரை எச்பி மோட்டார் எல்லையில் நிற்கும். 1 எச்பி, மூன்று ஃபேஸ், ஆறு போல் மோட்டார் போட்டு விஎஃப்டியில் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) ஓட்டுவது நிம்மதி. விசிறி 240 மி.மீ. விட்டம், 150 மி.மீ. பிட்ச் (ஒரு சுற்றில் நழுவாமல் முன்னேறும் தூரம்) என்று எடுத்து 40 சதவீதம் நழுவல் கொடுத்தால் சுமார் 610 ஆர்பிஎம் வரும். 960 ஆர்பிஎம் மோட்டாரை 32 ஹெர்ட்ஸ் அளவில் ஓட்டினால் அது கிடைக்கும். படகு புரொப்பெல்லரையே பைப்புக்குப் பொருந்தும்படி கடைசல் பட்டறையில் சுற்றளவு குறைத்துக்கொள்ளலாம். விசிறி நுனிக்கும் பைப் சுவருக்கும் இடையே 3 முதல் 5 மி.மீ. விடுங்கள்.

ஷாஃப்டைப் பின்தொட்டியின் மேலிருந்து செங்குத்தாக இறக்குங்கள். மோட்டார் தண்ணீருக்கு மேலே நிற்கும், சீல் தேவையில்லை, ஒழுகவும் ஒழுகாது. எல்போவைத் துளைத்துப் பக்கவாட்டில் ஷாஃப்ட் விட்டால் மெக்கானிக்கல் சீல் வேண்டும், அது ஒருநாள் ஒழுகும். விசிறிக்குக் கீழே பைப்புக்குள் நாலு நேர்த்தகடுகளை ஒரு விட்ட நீளத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் திருகிக்கொண்டே அமைதி அறைவரை போகும். மோட்டார் சட்டம் தனியாகத் தரையில் நிற்கட்டும். தொட்டிக்கும் பைப்புக்கும் நடுவே ரப்பர் இணைப்பு போடுங்கள். ஈரக்கையோடு வேலை செய்யும் இடம் இது, எனவே மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் முறையான எர்த்தும் இல்லாமல் ஸ்விட்சைத் தொடக்கூடாது. சில விஎஃப்டிகளோடு சாதாரண 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி தேவையில்லாமல் விழும். விழுகிறதே என்று அதைக் கழற்றிவிடாமல், விஎஃப்டிக்குப் பொருந்தும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து அமைதி அறை. டனலின் தரம் இங்கேதான் முடிவாகிறது. கட்டுபவர்கள் அவசரப்படுவதும் இங்கேதான்.

அளவு 60 × 60 செ.மீ., நீளம் ஒரு மீட்டர். சோதனைப் பகுதியின் நாலு மடங்கு பரப்பு, எனவே இங்கே வேகம் 12.5 செ.மீ./வினாடி. பைப்பை நேராக உள்ளே நீட்டிவிட்டால் நடுவில் ஒரு தாரை பாயும். தேன்கூடு (நேரான சிறு குழல்களை அடுக்கிய தடுப்பு) அதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். தடுக்காது. தேன்கூட்டின் வேலை பக்கவாட்டு அசைவையும் திருகலையும் அடக்குவது. நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் வரும் தண்ணீரை அது அப்படியே நேராக்கி அனுப்பிவிடும். வேகத்தைச் சமப்படுத்துவது துளைத்தகடும் வலையும். காரணம் எளிது: வலையின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் வேகமான இடம் அதிகம் தடுக்கப்படுகிறது.

வரிசை இப்படி இருக்கட்டும். பைப் முனையை மூடி, பக்கத்தில் துளைபோட்டு, துளைகள் பின்சுவரைப் பார்க்கும்படி திருப்புங்கள். துளைகளின் மொத்தப் பரப்பு பைப் பரப்பின் ஒன்றரை மடங்கு, 20 மி.மீ. துளை என்றால் சுமார் 235. அதன்பின் பாதி திறந்த துளைத்தகடு ஒன்று. பிறகு தேன்கூடு, பிறகு மூன்று வலைகள், அதற்குப்பின் ஒரு காலியிடம், பின் குறுக்கம்.

தேன்கூட்டுக்கு 6 மி.மீ. கண், 50 முதல் 60 மி.மீ. நீளம். நீளம் கண்ணைப்போல எட்டு முதல் பத்து மடங்கு இருந்தால் போதும். உறிஞ்சுகுழல் அடுக்கிச் செய்யலாம் என்று பழைய குறிப்புகளில் இருக்கும், 60 செ.மீ. சதுரத்துக்குச் சுமார் 11,500 குழல் ஆகும். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் தமிழ்நாட்டில் 2019 முதலும் நாடு முழுக்க 2022 ஜூலை முதலும் தடை. காகிதக் குழல் ஒரே நாளில் கூழாகிவிடும். பாலிகார்பனேட் தேன்கூடு ஷீட் வாங்கி அறுப்பதுதான் வழி.

வலைக்கு இரண்டு நிபந்தனை. ஒன்று, திறந்த பரப்பு 58 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் கண்களிலிருந்து வரும் சிறுதாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சரிசெய்யப் போட்ட வலையே ஓட்டத்தைக் கெடுக்கும். இரண்டு, கம்பியின் சொந்த ரெனால்ட்ஸ் எண் 40க்குக் கீழே இருக்கவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கம்பியும் சுழல் உதிர்க்கும். 12.5 செ.மீ./வினாடிக்குக் கணக்கிட்டால் கம்பி 0.25 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அங்குலத்துக்கு 20 கண், 0.25 மி.மீ. கம்பி என்றால் திறப்பு 64 சதவீதம், இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தும். ஜன்னலுக்குப் போடும் நல்ல கொசுவலை இதற்கு மிக அருகில் வருகிறது! 0.28 மி.மீ. இழை, 18 × 16 கண் என்றால் திறப்பு 66 சதவீதம். 0.4 மீ./வினாடி வரை அதுவே போதும். ஃபைபர் வலை தொய்யும் என்பதால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலையைச் சட்டத்தில் இறுக்கிப் போடுங்கள். வலைக்கு வலை 12 செ.மீ. இடைவெளி வேண்டும், கம்பி விட்டத்தின் 500 மடங்கு என்று பார்த்தாலும் அறை அகலத்தில் ஐந்தில் ஒன்று என்று பார்த்தாலும் அதே எண்தான் வருகிறது. சட்டங்கள் பள்ளத்தில் சறுக்கி மேலே எடுக்க வரவேண்டும். மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் வழுவழுப்பும் நூலும் ஒரு மூலையை அடைத்து, அந்தப் பக்கம் ஓட்டம் மந்தமாகும்.

குறுக்கத்தில் ஒரு பொறி இருக்கிறது. காற்றுச்சுரங்கக் கணக்குப்படி நீளம் நுழைவு உயரத்துக்குச் சமம் என்று 60 செ.மீ. வைத்துவிடுவார்கள். உங்கள் டனல் மேலே திறந்தது. மேல்பரப்பு முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, கீழே உள்ளதன் பிம்பம் மேலேயும் இருப்பதாகவே ஓட்டம் நடந்துகொள்ளும். அடித்தரை மட்டும் 30 செ.மீ. எழும்புவது, 120 செ.மீ. உயரக் குறுக்கத்தின் பாதியைக் கட்டுவதற்குச் சமம். ஆகவே நீளம் 110 செ.மீ. ஆகவேண்டும். குறைத்தால் வெளிவாய் அருகே தரையில் ஓட்டம் பிரிந்து, சோதனைப் பகுதியின் அடியில் அவ்வப்போது ஒரு கலங்கல் ஓடும். வளைவுக்கு ஐந்தாம் படிக் கோவை நன்றாக வேலை செய்யும்: நீளத்தில் எத்தனை பங்கு வந்திருக்கிறோமோ அந்த எண்ணின் மூன்றாம் அடுக்கை 10ஆலும், நான்காம் அடுக்கை 15ஆலும், ஐந்தாம் அடுக்கை 6ஆலும் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து மூன்றாவதைக் கூட்டவும். 25 சதவீத நீளத்தில் 0.104, பாதியில் 0.5, 75 சதவீதத்தில் 0.896. பக்கச்சுவர் 15 செ.மீ. உள்ளே வரவேண்டும் என்றால் அந்த இடங்களில் 1.6, 7.5, 13.4 செ.மீ. மரைன் பிளையில் விலா வெட்டி, மேலே மெல்லிய தகடு வளைத்து, எஃப்ஆர்பி (கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்) பூசினால் முடிந்தது. உட்புற இணைப்புகளைப் பட்டி வைத்துத் தேயுங்கள். குறுக்கத்தின் வாயில் ஒரு மி.மீ. படி நின்றால்கூடச் சாயக்கோட்டில் தெரியும்.

சோதனைப் பகுதி 1.2 மீட்டர், 12 மி.மீ. அக்ரிலிக். 0.3 மீ./வினாடியில் ஒரு மீட்டர் போனதும் ஒவ்வொரு சுவரிலும் எல்லைப்படலம் ஏறத்தாழ 3 மி.மீ. பாதையை அடைத்துவிடும். மூன்று சுவரிலும் சேர்த்துப் பரப்பில் 3 சதவீதம் குறைகிறது, வேகம் அவ்வளவு கூடுகிறது. பக்கச்சுவரை மீட்டருக்கு 3 மி.மீ. வெளியே விரித்து வைத்தால் பெரும்பகுதி சரியாகும். மாடலின் முகப்பரப்பு 45 சதுர செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, அதாவது 5 சதவீதம். இறக்கை அகலம் 20 செ.மீ.யோடு நிற்கட்டும். சோதனைப் பகுதியின் கடைசியில் ஒரு துளைத்தகடு வையுங்கள். இல்லாவிட்டால் பம்ப்பின் உறிஞ்சல் ஓட்டத்தைக் கீழே இழுக்கும்.

திறந்த மேல்பரப்பில் தொல்லை இரண்டு. 23 செ.மீ./வினாடிக்கு மேலே, தண்ணீரைக் கிழிக்கும் எந்தத் தண்டும் அலை எழுப்பும்; அதற்குக் கீழே எழுப்பாது. இன்னொன்று, ஓட்ட ஆரம்பித்ததும் தண்ணீர் முன்னும் பின்னும் ஊசலாடுவது. 4 மீட்டர் நீள டனலில் இந்த ஊசலின் காலம் 4 வினாடி அருகில் இருக்கும். சாயக்கோடு அந்தத் தாளத்தில் மூச்சுவிடுவதுபோல அசைந்தால் வேறெங்கும் தேடவேண்டாம். இரண்டுக்கும் ஒரே மருந்து, மேல்பரப்பைத் தொட்டபடி ஒரு அக்ரிலிக் மூடி.

எடையையும் நினைவில் வையுங்கள். எல்லாம் சேர்ந்து 1,100 லிட்டர், தண்ணீர் மட்டுமே 1.1 டன். அமைதி அறையின் ஒரு பக்கச்சுவரில் மட்டும் தண்ணீர் 180 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும், 18 மி.மீ. பிளைக்கு வெளியே இரும்புச் சட்டம் கட்டாயம். மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் கட்டுமானப் பொறியாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வேகம் அளக்கப் பிடாட் குழாய் (ஓட்டத்தின் வேக ஹெட்டை நீர்மட்ட உயரமாகக் காட்டுவது) வாங்காதீர்கள். 0.3 மீ./வினாடிக்கு அது காட்டும் உயரம் 4.6 மி.மீ.; அதில் பாதி மி.மீ. தவறாகப் படித்தாலே 5 சதவீதப் பிழை. தண்ணீரோடு மிதந்து போகும் துகளை ஃபோனின் 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் படமெடுங்கள். 10 செ.மீ.க்கு 80 ஃபிரேம் வரும், பிழை ஒரு சதவீதத்தைச் சுற்றி நிற்கும். அளவுகோல் துகள் போகும் தளத்திலேயே, தண்ணீருக்குள் இருக்கவேண்டும். சுவருக்கு வெளியே ஒட்டினால் ஒளிவிலகல் ஏமாற்றும். மாடல் வைக்கும் முன் ஒன்பது இடத்தில் சாயம் விட்டுப் பாருங்கள். ஒன்பது கோடும் ஒரு மீட்டர் தூரம் நூல் பிடித்ததுபோலப் போகவேண்டும். எல்லாம் திருகினால் தேன்கூடு, ஒரு மூலை மட்டும் பின்தங்கினால் வலை அடைப்பு, அடிக்கோடு மட்டும் துடித்தால் குறுக்கம்.

விசை அளப்பதில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 20 செ.மீ. டெல்டாவின் பரப்பு 0.02 சதுர மீட்டர். 0.3 மீ./வினாடியில் தூக்கு எண் 1 என்றால் விசை 90 கிராம் எடைக்குச் சமம். இழுவிசை எண் 0.02 என்றால் 2 கிராம்கூட இல்லை. முதலாவதைச் சாதாரண லோட்செல் (மின்னணு விசை உணரி) அளக்கும். இரண்டாவதை விஎஃப்டியின் மின்னிரைச்சலே விழுங்கிவிடும். 3டி பிரிண்ட் செய்த மாடல் மெல்லத் தண்ணீர் குடிப்பதால் பூஜ்ய அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். எபாக்சி பூசி அடையுங்கள்.

சாயத்துக்கு உணவுக் கலரைப் பாலில் கரையுங்கள். பாலின் கொழுப்பு கோடு சீக்கிரம் பரவாமல் பிடித்துக்கொள்ளும். பால் தண்ணீரைவிடக் கனம் என்பதால் சொட்டுச் சொட்டாக ஆல்கஹால் சேர்த்து, ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டால் மிதக்கவும் மூழ்கவும் செய்யாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாயம் வெளிவரும் வேகமும் அந்த இடத்து ஓட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும், கூடினால் சாயமே ஒரு தாரையாகிவிடும். 1 மி.மீ. துளை, 10 செ.மீ./வினாடி என்றால் நிமிடத்துக்கு 4.7 மில்லி. மருத்துவமனை ட்ரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு 94 சொட்டு என்று உருளையைத் திருகி வையுங்கள்.

தண்ணீரை நிரப்பியதும் ஓட்டாதீர்கள். குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று மாடலிலும் வலையிலும் குமிழியாக ஒட்டும். ஒரு நாள் நிற்கவிட்டு, மெதுவாக ஓட்டி, வலைகளைத் தட்டிக் குமிழியை வெளியேற்றியபின் தொடங்குங்கள். போர் தண்ணீர் என்றால் இரும்புப் பழுப்பு அக்ரிலிக்கில் படியும். தண்ணீர் கலர் ஏறிவிட்டால் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் ஊற்றினால் பெரும்பாலான உணவுக் கலர் வெளுத்துவிடும். அளவு மீறினால் வலைக்கம்பி அரிக்கும். பால் கலந்த நாளில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. நம் ஊர் வெயிலில் மறுநாள் காலைக்குள் லேப் முழுக்க நாறும், அன்று மாலையே 1,100 லிட்டரையும் வடித்துவிடவேண்டும். அதனால் வடிகால் வால்வை 50 மி.மீ.க்குக் குறையாமல், தொட்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் வையுங்கள்.